நீரிழிவும் மூலிகைச் சாறும்

நீரிழிவு நம் முன்னோர் நன்கறிந்த நோய்களுள் ஒன்று. ஆவாரை, நாவற்கொட்டை, சிறுகுறிஞ்சா முதலியவற்றைச் சித்த மருத்துவர் இந்நோய்க்கு வழங்கி வந்தனர். இத்தகைய மூலிகைகளின் ஆற்றலை முதற்கண் விலங்குகளில் ஆராய்ந்தறிதல் விஞ்ஞான மரபாகும். அவ்வாராய்ச்சி எதனை உணர்த்தும், எதனை உணர்த்தாது என்பது யாவரும் அறியற்பாலது.

ஆய்வுக்கு வேண்டப்படுவது நீரிழிவுற்ற விலங்கு. அலொட்சான் என்னும் இரசாயனப் பொருள் முயலின் சதையியில் இன்சுலின் சுரக்குங் கலங்களை அழித்தலை, கிளாசுக்கோ நகரில் டன் என்பவரும் அவர்தம் துணைவரும் 1943 ஆம் ஆண்டிற் கண்டனர். அன்றுதொட்டு, அப்பொருளை ஊசிமூலஞ் செலுத்தி எலி, முயல் ஆகியவற்றில் நோயை உண்டாக்கி, மூலிகைச் சாற்றை ஊட்டிக் குருதி வெல்லத்தை அளத்தல் வழக்கமாயிற்று. ஆயின், அழிந்த கலங்கள் சில விலங்குகளில் மீண்டுந் தோன்றுதலும் உண்டு. எனவே, சாறு பெறாத நோயுற்ற விலங்குகளையும் உடன்வைத்து ஒப்பிடாவிடின், இயற்கையின் செயல் மூலிகையின் செயலென மயங்கப்படும்.

வெல்லம் குறைந்ததென அறிதல் மட்டும் போதாது. எவ்வாறு குறைந்ததென்பதும் அறியப்படல் வேண்டும். சிங்களத்திற் கோதல இம்புட்டு எனவும் தமிழிற் கடலழிஞ்சில் எனவும் வழங்கும் மரக்கொடியின் தண்டினாற் கிண்ணங் கடைந்து, அதில் இரவு முழுதும் வைத்த நீரைப் பருகுதல் இலங்கையில் உள்ள வழக்கம். இக்கொடியிலிருந்து சலசினோல் என்னும் பொருளை யப்பானிய ஆராய்ச்சியாளர் 1997 இல் வெளியிட்டனர். மாப்பொருள் உடைவதால் உண்டாகும் மோற்றோசையோ கரும்பு வெல்லமாகிய சுக்குரோசையோ உண்ட எலிகளிற் குருதி வெல்லம் மிகுதலை இக்கொடியினத்துச் சாறு தடுத்தது. குளுக்கோசை நேரே உண்டவற்றில் தடுத்திலது. இதனால், அது சிறுகுடலில் வெல்லங்களை உடைக்கும் நொதியத்தை மறிப்பது என்பது தெளிவாயிற்று. அது இன்சுலினுக்கு ஈடாகாது என்பதும் இதனாற் பெறப்படும்.

நம் முற்றங்களிற் பூக்கும் நித்தியகல்யாணியின் வரலாறு பிறிதொன்றை உணர்த்தும். நீரிழிவுக்கென யமேக்காவில் வழங்கிய அதன் இலைகள் 1952 இற் கனடாவுக்கு அனுப்பப்பட்டன. ஒன்ராறியோவில் நோபிள், பியர் என்னும் இருவர் அச்சாற்றை எலிகளுக்கு வாய்வழி கொடுத்தபோது குருதி வெல்லம் குறைந்திலது. நாளத்திற் செலுத்தியபோதோ எலிகள் சின்னாளில் இறந்தன. வெண்குழியங்கள் அருகியமையால், கிருமிகளை எதிர்க்கும் வலி அவற்றுக்கு இல்லாதொழிந்தமையே அதற்குக் காரணம். அவ்விறப்பை ஆராய்ந்தமையின் 1958 இல் வின்பிளாத்தீன் வெளிப்பட்டது. அது புற்றுநோய்க்கு இன்றும் வழங்கப்படும் மருந்தாகும்.

நீரிழிவுக்குத் தேடிய இலை வேறொரு கொடுநோய்க்கு மருந்தாயிற்று. எனினும், அவ்விலையையே இன்றும் நீரிழிவுக்கென மெல்லுவோர் உளர். குருதியணுக்களைக் குறைக்கவல்ல பொருள் அதில் உண்டென்பதை அவர் உணர்தல் வேண்டும். எலியிற் பெற்ற நற்பயன் மனிதரில் முறைப்படி ஆராய்வதற்குரிய தொடக்கமேயாம். அதனை முடிவெனக் கொண்டு இன்சுலினைக் கைவிடும் நோயாளர் தம் உயிரையே பணயம் வைப்பவராவர். மூலிகையை இகழாது, ஆய்ந்து தெளிந்து ஏற்றலே அறிவுடையோர் கடன்.