சம்பளம் இல்லாத வேலைக்கு சீமைப் பயணமா?

"சம்பளமே இல்லாத வேலைக்கு ஒரு பொம்பளப் பிள்ளை கடல் தாண்டிப் போகணுமா?" - ஜெர்மனியில் ஓராண்டு தொண்டு செய்யப் போகிறேன் என்று என் அண்ணன் மகள் சொன்னதும், எங்கள் வீட்டில் எழுந்த முதல் கேள்வி இதுதான். இப்போது பல வீடுகளில் பிள்ளைகள் இப்படிக் கேட்க ஆரம்பித்திருக்கின்றனர். அதனால், எங்கள் அனுபவத்தையும், விசாரித்துத் தெரிந்து கொண்டதையும் தோழியருக்கு எழுதுகிறேன்.

பி.எஸ்சி., முடித்த, 21 வயதுப் பெண். சாப்பிட்ட தட்டைக் கூட எடுத்து வைத்து அறியாதவள். அவள், முன்பின் தெரியாத ஊரில், முதியோர் இல்லத்தில் வேலை செய்யப் போகிறாளாம்! "வெள்ளைக்காரக் கிழவிக்கு கால் கழுவி விடவா உன்னைப் படிக்க வெச்சேன்?" என்று அண்ணன் கத்தினார். அவள் அழவில்லை, கோபப்படவும் இல்லை. உட்கார்ந்து விளக்கினாள்.

ஜெர்மனியில் இளைஞர்கள் கட்டாயமாக ராணுவத்தில் சேர வேண்டும் என்ற முறை, 2011ல் நிறுத்தி வைக்கப்பட்டது. அதுவரை, மனசாட்சிப்படி துப்பாக்கி தூக்க மாட்டேன் என்றவர்கள், அதற்குப் பதிலாக முதியோர் இல்லங்களிலும், மருத்துவமனைகளிலும் வேலை செய்து வந்தனர். அந்தக் கைகள் இல்லாமல் போகும் நிலை வரவே, அதே ஆண்டு ஜூலையில், விரும்பிய ஆண், பெண் இருவருமே சேரும்படி, தன்னார்வத் தொண்டுத் திட்டம் ஒன்றை அரசு கொண்டு வந்தது. முறையான விசா இருந்தால் வெளிநாட்டினரும் சேரலாம். பெரும்பாலும், 12 மாதம்.

சம்பளம் கிடையாது. கைச்செலவுக்குப் பணம், மருத்துவக் காப்பீடு, பல இடங்களில் தங்குமிடமும், சாப்பாடும் உண்டு. 27 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு, ஆண்டுக்கு 25 நாள் பயிற்சி வகுப்பும் உண்டு. இதையெல்லாம் கேட்ட பிறகுதான் அண்ணன் மனம் இறங்கினார். சென்னை மாக்ஸ் முல்லர் பவனில் ஜெர்மன் படித்து, விசா வாங்கிக் கிளம்பினாள்.

முதல் மூன்று மாதம், போனில் அழுகைதான். டிசம்பரில் மாலை 4:30 மணிக்கே இருட்டி விடுகிறது. ஞாயிற்றுக்கிழமை கடை கண்ணி எதுவும் திறப்பதில்லை. இங்கே படித்த பாஷை வேறு, பாட்டிமார் பேசும் வட்டார வழக்கு வேறு. அண்ணி ராத்திரி 10 மணி வரை முழித்திருந்து பேசுவார். அங்கே அப்போது மாலை 5:30. ஊசி போடுவது, மருந்து கொடுப்பது அவள் வேலை இல்லை. அதற்குப் படித்த செவிலியர் இருக்கின்றனர். சாப்பாடு ஊட்டுவது, படுக்கை விரிப்பு மாற்றுவது, சக்கர நாற்காலியில் தோட்டத்துக்கு அழைத்துப் போவது, உட்கார்ந்து சீட்டு விளையாடுவது - இவைதான் அவள் வேலை.

ஏழாவது மாதம்தான் பெரிய சோதனை. எங்கள் அம்மா, அதாவது அவளுடைய அப்பத்தா, படுக்கையில் விழுந்து விட்டார். அண்ணி ஒருநாள் பொறுக்க முடியாமல், "இங்க உன் அப்பத்தாளுக்குத் தண்ணி குடுக்க ஆளில்ல. நீ யார் வீட்டுக் கிழவிக்கோ ஊட்டி விடுறே" என்று கேட்டு விட்டார். மறுமுனையில் சத்தமே இல்லை. கொஞ்ச நேரம் கழித்து, "அம்மா, அப்பத்தாளை ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை புரட்டிப் படுக்க வைங்க. இல்லேன்னா முதுகுல புண்ணு வந்துடும். எப்படிப் புரட்டணும்னு சொல்றேன், போனைப் பக்கத்துல வெச்சுக்குங்க" என்றாள். அண்ணியும் நானும், அவள் சொல்லச் சொல்ல செய்தோம். கடைசி வரை அம்மா உடம்பில் ஒரு புண் வரவில்லை.

ஒன்பதாவது மாதம் அம்மா காலமானார். அவள் வந்து சேருவதற்குள் எல்லாம் முடிந்து விடும் என்பதால், அண்ணனே, "வர வேண்டாம்" என்று சொல்லி விட்டார். "பேத்தி முகம் பார்க்காமப் போச்சே" என்று இன்றும் உறவில் சிலர் பேசுகின்றனர். அந்தப் பேச்சுக்கு என்னிடம் முழுப் பதில் இல்லை. ஆனால், நோயாளியைத் தொட அருவருப்பது கேவலம், தொட்டுத் துடைப்பது கேவலம் அல்ல என்பதை, எங்கள் வீட்டில் நாலு பேருக்கு அவள்தான் கற்றுக் கொடுத்தாள்.

இதைக் கேள்விப்பட்ட எங்கள் தெருப் பெண் ஒருத்தி, ஒரு ஏஜன்டிடம் போயிருக்கிறாள். "கம்போடியாவில் அனாதை இல்லத்தில் நாலு வாரத் தொண்டு, லட்சத்துக்கு மேல் கட்டுங்க, டூரிஸ்ட் விசாவே போதும்" என்றாராம். பணம் கட்டும் முன், என் அண்ணன் மகளிடம் கேட்டதால் தப்பித்தாள்.

கம்போடியாவில் அனாதை இல்லங்களில் இருந்த குழந்தைகளில் நாலில் மூன்று பேருக்கு, பெற்றோரில் ஒருவராவது உயிருடன் இருப்பதை, 2011ல் யுனிசெப் துணையுடன் வந்த ஆய்வு எடுத்துக் காட்டியது. வெளிநாட்டார் பணம் கொட்டுவதால், ஏழைப் பிள்ளைகளை அழைத்து வந்து இல்லம் நடத்துவோர் உண்டு. மாதம் ஒரு புது அக்கா வந்து கொஞ்சி விட்டுப் போவது, அந்தப் பிஞ்சுகளின் மனதையும் கெடுக்கும்.

ஆகவே தாய்மார்களே, பிள்ளைகள் தொண்டுக்குப் போகிறேன் என்றால், எடுத்த எடுப்பில் மறுக்காதீர்கள்; விசாரியுங்கள்.

* நீங்கள் பணம் கட்ட வேண்டுமா, அவர்கள் செலவை ஏற்கின்றனரா? 1970ல் துவங்கி, ஜெர்மனியின் பான் நகரைத் தலைமையிடமாகக் கொண்டு இயங்கும் ஐ.நா., தன்னார்வலர் அமைப்பு, விண்ணப்பிப்போரிடம் கட்டணம் வாங்குவதே இல்லை.

* என்ன விசா? சுற்றுலா விசாவில் போய்த் தொண்டு செய்வது, பல நாடுகளில் சட்ட விரோதம்.

* வேலை நேரம், விடுமுறை, தங்குமிடம், காப்பீடு எல்லாம் எழுத்தில் இருக்கிறதா?

* பாஸ்போர்ட் பிள்ளையின் கையிலேயே இருக்குமா? அந்நாட்டு இந்தியத் தூதரகத்தின் போன் எண் வீட்டில் இருக்கிறதா?

* ஏற்கனவே போய் வந்த ஒருவரிடமாவது பேசினீர்களா?

இது ஏதோ புது நாகரிகம் என்று நினைக்க வேண்டாம். 1934ல் பீகாரில் பூகம்பம் வந்து ஊர்கள் அழிந்தபோது, பியர் செரசோல் என்ற சுவிட்சர்லாந்துக்காரர் தோழர்களுடன் வந்து, வீடு இழந்தவர்களுக்காக உழைத்தார். அன்று அவர்கள் நம்மைத் தேடி வந்தனர். இன்று நம் பெண்கள் அங்கே போகின்றனர். பத்திரமாகப் போய் வர வழி செய்வது நம் கடமை அல்லவா?

- ஒரு வாசகி, திண்டுக்கல்.