புத்தகத்தை மூடிவிட்டுப் படித்தால் மறக்காது!

பாகான் டத்தோ - எஸ்பிஎம் தேர்வில் வரலாற்றுப் பாடத்தில் தேர்ச்சி பெறாத மாணவருக்கு, மற்றப் பாடங்களில் எத்தனை 'ஏ' இருந்தாலும் சான்றிதழ் கிடைக்காது. 2013ஆம் ஆண்டு முதல் மலாய்மொழியோடு வரலாறும் கட்டாயத் தேர்ச்சிப் பாடமாக உள்ளது. இரவெல்லாம் கண்விழித்துப் படித்தும், தேர்வு மண்டபத்தில் ஆண்டுகளும் பெயர்களும் நினைவுக்கு வராமல் தவிக்கும் பிள்ளைகள் பலர். ஞாபகசக்தி குறைவு என்று அவர்களே முடிவு செய்துவிடுகிறார்கள். பெரும்பாலும் கோளாறு படிக்கும் முறையில்தான் இருக்கிறது.

ஒரே பக்கத்தைத் திரும்பத் திரும்ப வாசித்தால் எழுத்துகள் கண்ணுக்குப் பழகிவிடும். அந்தப் பழக்கத்தை மனம் 'தெரிந்துவிட்டது' என்று எடுத்துக்கொள்கிறது. தேர்விலோ புத்தகம் எதிரில் இராது.

அமெரிக்க ஆய்வாளர்கள் ரோடிகர், கார்ப்பிக் இருவரும் 2006இல் வெளியிட்ட ஆய்வு இதைக் காட்டியது. ஒரு பகுதியை இருமுறை வாசித்த மாணவர்கள், ஒரு வாரம் கழித்து அதில் 42 விழுக்காட்டை நினைவுகூர்ந்தனர். ஒருமுறை வாசித்துவிட்டு, பார்க்காமல் எழுதிப் பார்த்தவர்கள் 56 விழுக்காட்டை நினைவுகூர்ந்தனர். ஆகவே, ஒரு பக்கம் படித்ததும் புத்தகத்தை மூடி, நினைவில் உள்ளதை வெற்றுத்தாளில் எழுத வேண்டும். பிறகு திறந்து, விட்டதை மட்டும் பார்த்தால் போதும்.

அடுத்தது இடைவெளி. படித்ததில் பெரும்பகுதி முதல் நாளிலேயே வேகமாக மறந்துபோகிறது என்பதை ஜெர்மானிய அறிஞர் எபிங்ஹவுஸ் 1885லேயே எழுதினார். எனவே, இன்று படித்ததை நாளை, மூன்று நாள் கழித்து, ஒரு வாரம் கழித்து எனப் பத்துப் பத்து நிமிடம் எழுதிப் பார்ப்பது, ஒரே இரவில் மூன்று மணி நேரம் புரட்டுவதைவிடப் பலன் தரும்.

மூன்றாவது, தெரிந்ததோடு முடிச்சுப் போடுவது. பங்கோர் ஒப்பந்தம் 1874 ஜனவரியில் கையெழுத்தானது. மறு ஆண்டு நவம்பரில் பிரிட்டிஷ் ரெசிடென்ட் பர்ச் பாசிர் சாலாக்கில் கொல்லப்பட்டார். பாகான் டத்தோவில் கடலில் கலக்கும் பேராக் ஆற்றில் மேல்நோக்கிப் போனால் அதே பாசிர் சாலாக் வரும். நம் ஆற்றங்கரையில் நடந்த சம்பவம் என்று நினைத்தால் இடமும் ஆண்டும் சேர்ந்தே நிற்கும்.

1874இல்தான் சதாவதானி செய்குதம்பிப் பாவலரும் நாகர்கோவில் அருகே பிறந்தார். 1907இல் சென்னை விக்டோரியா மண்டபத்தில் நூறு செயல்களில் ஒரே நேரத்தில் கவனம் செலுத்தும் சதாவதானத்தை அவர் நிகழ்த்தினார். கேட்டதை மனத்தில் நிறுத்தி, வேண்டியபோது எடுத்துச் சொல்லும் இந்தக் கலை இடைவிடாத பயிற்சியால் கைவருவது.

தேர்வுக்கு முந்திய இரவு தூக்கத்தைக் கெடுக்கவும் கூடாது. பகலில் படித்ததை மூளை பதிய வைப்பதற்குத் தூக்கம் துணைசெய்கிறது.

பிள்ளையின் மலாய் வரலாற்றுப் புத்தகம் தங்களுக்குப் புரியாதே என்று தயங்கும் பெற்றோரும் உதவலாம். இரவுச் சாப்பாட்டுக்குப் பின், "இன்றைக்குப் படித்ததைத் தமிழில் சொல்லு" என்று கேட்டால் போதும். புத்தகத்தைப் பார்க்காமல் அம்மாவுக்கு விளங்கும்படி சொல்லிவிட்ட பாடம், தேர்வு மண்டபத்திலும் கைகொடுக்கும்.