ஆட்டோவின் மேல் ஒரு வீடு! நம்பிக் குடியேறலாமா?

கசார்வாடியில் லோக்கல் ரெயில் ஏறினால் மூன்றாவது நிலையம் ஆகுர்டி. பஜாஜ் ஆட்டோ கம்பெனியின் தலைமை அலுவலகம் அங்கேதான் உள்ளது. அந்தக் கம்பெனியின் மூன்று சக்கர ஆட்டோ மீது ஒரு வீட்டையே அமைத்தார், நாமக்கல் மாவட்ட வாலிபர் அருண்பிரபு. 2020-ல் நாடெங்கும் அதே பேச்சு.

இடம் 36 சதுர அடிதான். அதற்குள் சமையலறை, படுக்கை, கழிவறை! மேலே சூரிய மின்தகடு. தண்ணீர்த் தொட்டி 250 லிட்டர். செலவு சுமார் ஒரு லட்சம் ரூபாய்.

ஓர் அறையில் ஐந்து பேர் படுத்து, வாடகையைப் பங்கு போடும் நமக்கு ஆசை வராதா? ஆனால் கணக்குப் பார்க்க வேண்டும்.

லாபம்: வண்டி ஒடுக்கம். வேன் நுழையாத சந்திலும் நுழையும். வேலை நடக்கும் இடத்துக்கே வீட்டை ஓட்டிப் போகலாம்.

நஷ்டம்: தொட்டி நிறைந்தால் தண்ணீர் மட்டும் 250 கிலோ. நாலு ஆள் பாரம்! முன்னால் இருப்பதோ ஒற்றைச் சக்கரம். பாரம் உயர உயர, வளைவில் வண்டி சாயும் பயமும் கூடும். வண்டியின் அமைப்பை மாற்ற ஆர்.டி.ஓ. அனுமதியும் வேண்டும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு விடாது.

தொட்டியைத் தாழ்வாக வைத்து, பாதி நிரப்பினால் தனி ஆளுக்கு இது போதும். பிள்ளைகுட்டிக்காரர்கள் சேமிப்பை இதில் போடுமுன் ஒன்றுக்கு இரண்டு முறை யோசிப்பது நல்லது.