நின்றவூர்ப் பூசலார் புராணத்தில் மனக்கோயில்: அன்றாட வழிபாடும் நாட்கணக்கும்

முன்னுரை

சென்னையின் மேற்குப் புறநகரில் அம்பத்தூரை அடுத்துள்ள கள்ளிக்குப்பத்தை நடுவாக வைத்து நோக்கினால், அதனைச் சூழ்ந்த ஊர்களுள் பல பக்தி இலக்கியத்தோடு தொடர்புடையவை என்பது புலப்படும். ஒருபுறம் சம்பந்தர் பாடிய திருவலிதாயமாகிய பாடி. மறுபுறம் சுந்தரர் பாடிய வடதிருமுல்லைவாயில். சற்றுத் தொலைவில் மூர்க்க நாயனாரின் திருவேற்காடும், திருக்கச்சிநம்பிகளின் பூவிருந்தவல்லியும், ஆழ்வார் பெயராலேயே அறியப்படும் திருமழிசையும், சேக்கிழார் பிறந்த குன்றத்தூரும் உள்ளன. இரயில் பாதையில் ஆவடியைக் கடந்து சென்றால் பூசலாரின் திருநின்றவூர்.

1960களில் தொழிற்பேட்டை உருவான பின்னர் இந்நிலப்பகுதியின் நாட்பொழுதை ஆலைச் சங்கும் இரயில் நேரமுமே வகுத்து வந்துள்ளன. வழிபாட்டிற்கும் தியானத்திற்கும் தனியே நேரம் ஒதுக்க இயலாத வாழ்க்கையில் அவற்றிற்கு இடம் யாது என்னும் வினா இங்கு இயல்பாக எழுகிறது. இவ்வினாவிற்கு விடையாகப் பெரிதும் எடுத்துக்காட்டப்படுபவர் பூசலார். பொருள் வேண்டா, புறச்சடங்கு வேண்டா, மனம் ஒன்றே போதும் என்பதற்கு அவர் வரலாறு சான்றாக்கப்படுகிறது. பெரியபுராணப் பாடம் இக்கருத்திற்கு எந்த அளவு இடம் தருகிறது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

மூன்று நூல்களில் பூசலார்

சுந்தரரின் திருத்தொண்டத்தொகை பூசலாரைக் குறிப்பது ஓரடியளவில்தான். ஊர் நின்றவூர், அவர் வேதம் ஓதும் நாவினர் என்பனவே அங்குக் கிடைக்கும் செய்திகள். கோயில் பற்றிய பேச்சே இல்லை. நம்பியாண்டார் நம்பி திருத்தொண்டர் திருவந்தாதியில் ஒரு செய்யுளை அவருக்கு உரியதாக்குகிறார். சிவனுக்கு ஒரு கோயிலை விரைந்து செய்வது எந்நாளோ என்று இரவுதோறும் உறங்காமல் நினைந்து அருள்பெற்றார் என்பது அச்செய்யுளின் சாரம். இங்குக் காணப்படுவது ஏக்கம். கட்டடப் பணியின் படிநிலைகளோ காஞ்சி மன்னனோ இச்செய்யுளில் இடம்பெறவில்லை.

12ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் இதனை 18 செய்யுள்களாக விரிக்கிறார். மன்னன், கனவு, ஊராரின் வியப்பு ஆகியவை கதைக்குச் சுவை கூட்டுவதால் அவையே மக்கள் நினைவில் நிலைத்துவிட்டன. ஆயினும் சேக்கிழார் செய்த பெரிய மாற்றம் வேறொன்று. நம்பியின் செய்யுளில் இரவுதோறும் எழும் ஏக்கமாக இருந்ததனை அவர் வேலையாக மாற்றினார். இரவுப்பொழுதைக் கூறுமிடத்தில் அவர் ஆளும் உம்மை இவ்வகையில் நோக்கத்தக்கது. இரவிலும் கண்ணுறங்காது கோயில் எடுத்தார் என்னும்போது, பகலிலும் அப்பணி நடந்தது என்பது எச்சவும்மையால் பெறப்படுகிறது.

தினையளவு முதலாக

மனக்கோயில் பூசலாரின் முதல் விருப்பம் அன்று. அடியார்க்கு வேண்டுவன தேடிக் கொடுத்து வாழ்ந்த அவர், கற்கோயில் எடுக்கவே விரும்பினார். அதற்கெனப் பொருளை வருந்தித் தேடினார். எதுவும் கிடைக்காதபோது என் செய்வேன் என்று நைந்தார். அதன் பின்னரே நினைவால் எடுக்கத் துணிகிறார். அகவழிபாடு உயர்ந்தது, புறவழிபாடு தாழ்ந்தது என்னும் கொள்கை முடிவு எதுவும் இத்துணிவில் இல்லை. இல்லாமையில் பிறந்த மாற்றுவழி இது.

மனத்தால் எடுக்கும் கோயிலுக்குப் பொருளை ஒரு நொடியில் கற்பித்துக்கொள்ளத் தடையேதும் இல்லை. கோடிப் பொன்னையும் நினைத்த மாத்திரத்தில் குவித்துக்கொள்ளலாம். சேக்கிழாரின் பூசலார் அவ்வாறு செய்வதில்லை. தினையளவு முதலாகச் சிறிது சிறிதாகத் தேடிச் சிந்தையில் திரட்டுகிறார். அடுத்துக் கட்டடப் பொருள்களையும் தச்சரையும் மனத்தால் தேடுகிறார்; நல்ல நாள் பார்க்கிறார்; ஆகம முறைப்படி அடிநிலை இடுகிறார். அதன்மேல் உபானம் முதலிய வரிசைகள் எழுகின்றன. சிகரம் முழக்கணக்கில் அமைகிறது. தூபி நடப்படுகிறது, சுதைப்பூச்சு முடிகிறது, கிணறும் சுற்றுமதிலும் குளமும் உருவாகின்றன. எல்லாம் நிறைவுற்ற பின்னரே தாபனத்திற்கு நாள் குறிக்கப்படுகிறது.

காண்பார் எவருமில்லாத சிகரத்திற்கு முழக்கணக்கு எதற்கு? பிழையாக அளந்தாலும் கேட்பாரில்லை. ஒரு வரிசையை விட்டுவிட்டாலும் கோயில் சரிந்துவிடாது. அளவு தவறாமை இங்குக் கட்டடத்தின் தேவையாக இல்லை, கட்டுபவரின் தேவையாக உள்ளது. அலையும் மனத்திற்கு அளவுகோல் பிடியாகிறது. உபானத்தின்மேல் அடுத்த வரிசை அமைவதற்கு, நேற்று எதுவரை வந்தது என்பது இன்று நினைவில் இருத்தல் வேண்டும். நினைவு தவறினால் பணி தொடராது. கட்டடத் தொழிலைத் தியானத்தின் வடிவமாகத் தேர்ந்ததன் பொருத்தம் இதில் விளங்குகிறது.

இத்தகைய தொழில்நுணுக்கம் சேக்கிழாருக்கு வாய்த்தது தற்செயலன்று எனலாம். சோழப் பேரரசில் உயர்பதவி வகித்தவர் அவர். குன்றத்தூரில் திருநாகேச்சரம் என்னும் கோயிலை எழுப்பியவர் என்பது மரபு. பணி எவ்வாறு தொடங்கும், எதனால் தடைப்படும், எதன்பின் எது வரும் என்பன அவர் அறிந்தவையே. அரசுப் பணியில் இருந்துகொண்டே கோயிலும் எடுத்த ஒருவர், பொருளில்லாத அந்தணர் ஒருவரின் கோயிலைத் தம் கோயிலுக்குரிய அதே கவனத்தோடு கட்டிக்காட்டுகிறார்.

உருவகமும் நாட்கணக்கும்

மனத்தைக் கோயிலாகக் கூறும் மரபு தமிழில் பழையது. உடலைக் கோயிலாகவும் மனத்தை அடிமையாகவும் வாய்மையைத் தூய்மையாகவும் கொண்டு அப்பர் பாடியுள்ளார். திருமூலர் உள்ளத்தைக் கருவறையாகவும் உடம்பை ஆலயமாகவும் காண்கிறார். இவ்வுருவகங்களில் ஒவ்வொரு புறப்பொருளுக்கும் ஓர் அகப்பொருள் நேராகிறது.

சேக்கிழாரும் இம்முறையை அறியாதவர் அல்லர். மயிலை வாயிலார் நாயனார் வரலாற்றில் அவர் கையாள்வது இதுவே. அங்கு மறவாமை கோயிலாகிறது, உணர்வு விளக்காகிறது, ஆனந்தம் திருமஞ்சனமாகிறது, அன்பு அமுதாகிறது. பூசலாரின் மனக்கோயிலிலோ சுதை சுதையாகவே உள்ளது; மதில் மதிலாகவே உள்ளது. பொறுமையே அடிநிலை, வாய்மையே மதில் என்றெல்லாம் அவர் பெயர்த்துக் கூறுவதில்லை. பிற்கால விளக்கங்கள் சில அவ்வாறு பெயர்த்துரைக்க முற்படுவது, வாயிலாரையும் பூசலாரையும் ஒன்றாக்கிவிடும் முயற்சியாகும்.

இருவகைக்கும் உள்ள வேறுபாடு காலத்தைப் பற்றியது. உருவகம் கூறிய அளவில் முழுமை பெறுகிறது. அங்குக் கோயில் முன்னரே இருக்கிறது, அறிந்துகொள்வதே செய்யவேண்டியது. பூசலாரின் கோயில் முதல்நாளில் இல்லை. அது நெடுநாள் கூடி நிரம்புகிறது. கனவில் இறைவன் மன்னனிடம் கூறும் செய்தியிலும் இந்நெடுநாட் குறிப்பே மீண்டும் வருகிறது. நின்றவூர்ப் பூசல் நெடுநாள் நினைந்து செய்த ஆலயத்துள் நாளை புகுவோம், நீ நாளைக்குக் குறித்த செயலைத் தவிர்த்துப் பின்னர்க் கொள்க என்பதே அவ்வாக்கின் பொருள். கல்லினும் மனம் சிறந்தது என்னும் ஒப்பீடு அதில் இல்லை. கற்றளியை இறைவன் மறுக்கவுமில்லை. நாளை மட்டுமே மாற்றச் சொல்கிறார்.

சேக்கிழார் பெயர் சுட்டாத இக்காடவர் மன்னனைக் காஞ்சிக் கைலாசநாதர் கோயிலை எடுத்த இராசசிம்ம பல்லவனாக அறிஞர் பலர் கொள்வர். அக்கோயிற் கல்வெட்டு, கலியுகத்தில் அம்மன்னன் வானொலி கேட்டதாகப் புகழ்வது இதற்கு ஒரு காரணம். இவ்வடையாளம் பொருந்துமாயின், 8ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுந்து இன்றும் நிற்கும் பெருங்கற்றளியே பூசலாரின் கோயிலோடு ஒரே நாளுக்குப் போட்டியிட்டதாகிறது. அக்கற்றளிக்கும் நெடுநாள் உழைப்பு உண்டு. எனவே இரண்டையும் எதிர்நிறுத்துவதைவிட, ஒரே வகை உழைப்பின் இரு களங்களாகக் காண்பது பாடத்திற்கு நெருக்கமானது.

ஊரார் அறியாமை

மன்னன் நின்றவூருக்கு வந்து பூசல் அமைத்த கோயில் எங்கே என வினவும்போது, அவ்வாறு ஒரு கோயில் இங்கில்லை என்றே ஊரார் கூறுகின்றனர். இது கதையில் வியப்பை வளர்க்கும் உத்தி மட்டுமன்று. இவ்வளவு பெரிய பணி நடந்தும் அண்டை வீட்டாருக்குக்கூடத் தெரியவில்லை என்றால், பூசலாரின் புறவாழ்வு பிறருடையதினின்று வேறுபட்டுத் தோன்றவில்லை என்று உய்த்துணரலாம். அவர் காடு செல்லவில்லை, மௌனம் பூணவில்லை. ஊர் நடுவில் ஊராரோடு இருந்துகொண்டே கட்டினார்.

அதே ஊரில் இன்று இருதயாலீசுவரர் கோயில் கல்லில் நிற்கிறது. அங்குப் பூசலாரும் திருவுருவில் உள்ளார். இதயநோய் உற்றோர் நலம் வேண்டி அங்கு வழிபடும் வழக்கமும் பரவியுள்ளது. ‘இருதயம்’ என்னும் சொல் சிந்தையைக் குறித்த நிலையிலிருந்து உடலுறுப்பைக் குறிக்கும் நிலைக்கு வழிபாட்டிலும் இறங்கி வந்திருப்பது சொற்பொருள் வரலாறு பயில்வோர்க்குச் சுவையான செய்தி.

பூசலாரின் வழியே ஒரே வழி என்று இவ்வட்டார மரபு கொள்ளவில்லை. திருவேற்காட்டு மூர்க்க நாயனாருக்கு அடியாரை உண்பித்தலே அன்றாட வழிபாடு. பொருள் தீர்ந்தபோது சூதாடியும் அதனை நடத்தினார். வென்ற பொருளைத் தம் கையால் தீண்டாது சமைப்போரிடம் சேர்ப்பித்துக் கடைசிப் பந்தியில் தாம் உண்டார். 11ஆம் நூற்றாண்டினரான பூவிருந்தவல்லித் திருக்கச்சிநம்பிகள் காஞ்சிப் பேரருளாளனுக்கு ஆலவட்டம் வீசும் தொண்டினர். இராமானுசரின் ஐயங்களுக்கு இறைவனின் ஆறு வார்த்தைகளைப் பெற்றுத்தந்தவர் அவரே என்று குருபரம்பரை நூல்கள் கூறுகின்றன. விசிறி வீசுதலினும் எளிய, திரும்பத்திரும்பச் செய்யும் வேலை வேறில்லை. அதுவே இறைவனோடு பேசும் பொழுதாகவும் அமைந்தது. பந்தி, விசிறி, கட்டடம் என மூன்றும் கைத்தொழில் சார்ந்தவை என்பது கருதத்தக்கது.

தாபனத்திற்குப் பின்

முறைவேலைக்குச் செல்லும் ஒருவருக்குத் தியானம் பற்றி இன்று பொதுவாகச் சொல்லப்படுவது, நாளில் ஒரு பொழுதை ஒதுக்குக என்பது. ஒதுக்கிய பொழுது தவறினால் அன்றைய தியானம் இல்லை என்றாகிறது. பூசலார் புராணம் காட்டும் முறையில் அளவை வேறு. எவ்வளவு நேரம் அமர்ந்தார் என்பது அங்குக் கணக்கில் வருவதில்லை; விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தாரா என்பதே கணக்கு. இரயிலில் நின்றுகொண்டு செல்பவரும் ஒரு வரிசைக் கல்லை வைக்கலாம். ஆனால் நேற்றைய வரிசை எதுவென அவர் அறிந்திருத்தல் வேண்டும். இம்முறை எளிதென்று கூறுவதற்கில்லை. ஒருமணி நேரம் கண்மூடி அமர்வதைவிட நெடுநாள் நினைவு அறாதிருத்தல் கடினம். பொருளில்லாதவர்க்கு உரிய மலிவான வழியாகப் பூசலாரைக் காட்டுவோர் இதனைக் காணத் தவறுகின்றனர்.

கதையாகச் சொல்லப்படும்போது இவ்வரலாறு பெரும்பாலும் மன்னன் நிலமுற வணங்கும் இடத்தில் முடிந்துவிடுகிறது. சேக்கிழார் அங்கு நிறுத்தவில்லை. மன்னன் தன் சேனையோடு நகர் திரும்புகிறான். குறித்த நற்பொழுது இன்னும் வரவில்லை. பூசலார் அதற்குக் காத்திருந்து, பொழுது வந்ததும் இறைவனைத் தாபிக்கிறார். அதன்பின் பூசைகள் தொடங்குகின்றன. பல நாள் அவற்றை முறைப்படி பேணி வந்து அவர் இறைவனடி சேர்ந்தார் என்கிறது புராணம். அப்பூசை நாள்களில் அவரைக் காண எவரும் வந்ததாகச் சேக்கிழார் கூறவில்லை.