ஒரு 'பழைய' சொல்லின் பாடு

ஆங்கிலத்தில் 'ஓல்டு' என்னும் சொல் மிகச் சிறியது. அது செய்யும் வேலையோ பெரிது. முதியவரும் ஓல்டு, பாழடைந்த கோட்டையும் ஓல்டு, நெடுநாள் நட்பும் ஓல்டு, சென்ற மாதம் காலி செய்த வீடும் ஓல்டுதான்! இத்தனையையும் போர்த்துக்கீசியத்தில் ஒரே சொல்லால் பெயர்த்துவிட முடியாது என்பதை, அம்மொழியைக் கோவாவில் பயிலத் தொடங்கிய சில நாள்களிலேயே கண்டுகொண்டேன்.

அங்கே 'வெல்யு' என்பது வயதானதையும் நாட்பட்டதையும் குறிக்கும். ஆளைப் பற்றிச் சொன்னால் நம் 'கிழவர்' போலச் சற்றுச் சுருக்கென்று தைக்கும். ஆகவே மரியாதைக்கு 'இதோசு' என்பர். 'அந்தீகு' என்பதோ பழமைக்கும் உரியது, முன்னாளுக்கும் உரியது. பெண்பாற் பெயரோடு வரும்போது இவை வெல்யா, இதோசா, அந்தீகா என ஈறு மாறும்.

சிக்கல் இத்துடன் தீரவில்லை. தமிழில் பெயரடை பெயருக்கு முன்னேதான் நிற்கும். போர்த்துக்கீசியத்தில் பெரும்பாலும் பின்னே நிற்கும். முன்னே வந்தால் சில சொற்களுக்குப் பொருளே மாறும். 'அமீகு வெல்யு' வயதான நண்பர். 'வெல்யு அமீகு' நெடுநாள் நண்பர், அவருக்கு வயது இருபதாகவும் இருக்கலாம். 'காசா அந்தீகா' பழங்கால வீடு. 'அந்தீகா காசா' முன்பு குடியிருந்த வீடு.

இதை இலக்கண வேடிக்கை என்று தள்ளிவிடலாகாது. கோவாவின் பழைய நிலப்பத்திரங்கள் பல போர்த்துக்கீசியத்தில் உள்ளவை. 'அந்தீகு புரொப்ரியெத்தாரியு' என்று ஒருவரைக் குறித்திருந்தால் அவர் முன்னாள் உரிமையாளர். அதை ஆங்கிலத்தில் 'ஓல்டு' என்று போட்டு, அதிலிருந்து 'வயதான உரிமையாளர்' என்று தமிழாக்கினால், நிலத்தை விற்றுவிட்டவர் மறுபடியும் சொந்தக்காரராகிவிடுவார்! ஆங்கிலத்தின் வழியே சுற்றிப் போவதைவிட, முதியவரா, முன்னாளா, பழமையா என்று தமிழிலேயே கேட்டுத் தெளிந்து பெயர்ப்பது நலம் என்பேன்.

ஊர்ப்பெயரிலும் இந்த விளையாட்டு உண்டு. சுவாரி ஆற்றங்கரைப் பக்கம், கடம்ப மன்னர்களின் தலைநகர் இருந்த இடம் 'கோவா வெல்யா'. மாண்டவி ஆற்றங்கரையில் 1510-இல் போர்த்துக்கீசியர் பிடித்த நகரம் வேறு. 1843-இல் தலைநகரம் பணஜிக்குப் பெயர்ந்தது. இந்நகரமும் பழையதாகி 'வெல்யா கோவா' ஆயிற்று. இரண்டையும் ஆங்கிலத்தில் பெயர்த்தால் 'ஓல்டு கோவா' என்ற ஒன்றே மிஞ்சும். அதனால்தானோ என்னவோ, முன்னதை யாரும் பெயர்க்காமல் கோவா வெல்யா என்றே விட்டுவிட்டார்கள்.