வெல்லத்தின் படத்திற்கு மெருகு: எந்த அளவோடு நிறுத்துவது?

பரமத்தி வேலூர், பிலிக்கல்பாளையம், ஓமலூர் பகுதிகளில் ஆலையாடும் விவசாயிகளில் சிலர், ஏலச் சந்தையோடு நில்லாமல், வெல்லத்தைக் கைபேசியில் படம் எடுத்து வாட்ஸ்அப் மூலம் நேரடியாகவும் விற்கின்றனர். படம் பளிச்சென்று தெரியச் செயற்கை நுண்ணறிவுச் செயலிகளும் இப்போது வந்துள்ளன. இவற்றைப் பயன்படுத்துவதில் தவறில்லை. ஆனால், வெல்லத்தைப் பொறுத்தமட்டில் ஓர் அபாயம் உண்டு.

இச்செயலிகள் லட்சக்கணக்கான படங்களைக் கொண்டு பழக்கப்பட்டவை. கண்ணைக் கவரும் உணவு எப்படி இருக்கும் என்பது அவற்றுக்குத் தெரியும். உங்கள் கொப்பரையில் இறங்கிய பாகு தெரியாது. ஆகவே வெல்லத்தின் இயற்கையான பழுப்பு நிறத்தை ஒளிக்குறைவு என்று கொண்டு பொன்னிறமாக மாற்றிவிடுகின்றன. சில சமயம் இல்லாத மினுமினுப்பையும் சேர்க்கின்றன. சில கைபேசிகள், உணவுப் பொருள் என்று கண்டதும் தாமாகவே நிறத்தைக் கூட்டிவிடும்.

படத்தைப் பார்த்தவர் பொன்னிறத்தையே எதிர்பார்ப்பார். பழுப்பு வெல்லம் போய்ச் சேர்ந்தால் சிப்பம் திரும்பி வரும். அடுத்த முறை அந்த நிறம் வேண்டுமென்று கை நீளுவது 'ஹைட்ரோஸ்' டப்பாவிற்குத்தான். சோடியம் ஹைட்ரோசல்பைட் என்னும் இந்த ரசாயனம் பாகின் நிறத்தை வெளுக்கச் செய்கிறது. வைத்திருக்க வைத்திருக்க வெல்லம் மீண்டும் கறுத்துவிடுகிறது. இதனால் வெல்லத்தில் தங்கும் கந்தக டைஆக்சைடு ஆஸ்துமா நோயாளிகளுக்குத் தீங்கு தரும். கிலோவுக்கு 70 மில்லிகிராமுக்கு மேல் அது இருத்தல் கூடாது என்பது உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் வரம்பு. (ஜவ்வரிசியில் வெண்மை மோகம் என்ன பாடுபடுத்தியது என்பதைச் சேலத்துக்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.) நல்ல நிறம் வேண்டுவோர் கரும்புக்குத் தழைச்சத்தைக் காலந்தாழ்த்தி அதிகமாக இடாதிருத்தலும், வெண்டைச் செடியின் தண்டுச் சாற்றைச் சேர்த்து அழுக்கு நீக்குதலும் நலம்.

இனி, படம் எடுக்கும் முறை. காலை வெயிலில், நிழலான திறந்த இடத்தில் வைத்து எடுக்கவும். ஆலைக் கொட்டகையின் மஞ்சள் விளக்கு உதவாது. வெல்லத்தின் அருகில் ஒரு வெள்ளைத் தாளை வைப்பது அவசியம். படத்தில் தாள் வெள்ளையாகத் தெரிந்தால் நிறம் ஏறத்தாழச் சரி. மஞ்சளாகவோ நீலமாகவோ தெரிந்தால் மறுபடியும் எடுக்கவும். உருண்டை ஒன்றை உடைத்து, உள்பாகத்தையும் காட்டுங்கள். செயலியிடம் பின்புறக் குப்பையை நீக்கவும், மங்கலைச் சற்றுத் தெளிவாக்கவும் மட்டும் கேளுங்கள். "வெல்லத்தின் நிறத்தையும் வடிவத்தையும் மாற்றாதே" என்று தமிழிலேயே எழுதலாம். வந்த படத்தை வெல்லத்தின் பக்கத்தில் பிடித்து, ஒப்பிட்ட பிறகே அனுப்பவும்.

இணையச் சந்தையில் விற்போர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 2020-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்பு (மின் வணிக) விதிகளின்படி, விளம்பரம் சரக்கின் உண்மைத் தன்மையோடு பொருந்தியிருத்தல் வேண்டும். காட்டியபடி சரக்கு இல்லையெனில் திருப்பி எடுத்துக்கொள்ள மறுக்க இயலாது. ஆகவே மெருகூட்டாத மூலப் படத்தை, சரக்குப் போய்ச் சேர்ந்து பணம் கைக்கு வரும்வரை அழிக்காமல் வைத்திருக்கவும்.