நாவும் கையும்

மொழி கற்பித்தலில் கேட்டல், பேசுதல், படித்தல், எழுதுதல் என்னும் நான்கும் அடிப்படைத் திறன்கள் என்பதை ஆசிரியர் அனைவரும் அறிவர். மலேசியத் தமிழ்ப்பள்ளிகளில் 2011-ஆம் ஆண்டு முதல் நடைமுறைக்கு வந்த தொடக்கப்பள்ளிக் கலைத்திட்டமும் கேட்டல் பேச்சு, வாசிப்பு, எழுத்து ஆகியவற்றைக் கூறி, செய்யுளும் மொழியணியும் இலக்கணமும் அவற்றோடு இயையுமாறு வகுத்துள்ளது. எனினும், கால அட்டவணையில் இத்திறன்கள் தனித்தனிப் பாடவேளைகளாகப் பிரிந்து நிற்கும்பொழுது, இவை ஒன்றிலிருந்து ஒன்று பிறப்பவை என்னும் உண்மை மறைந்துவிடுகின்றது. எழுத்துப் பாடத்தில் தோன்றும் பிழைகளுள் பல, பேச்சிலே வேர்கொண்டவை என்பதை ஈண்டு ஆராய்வோம்.

மலாக்கா மாநிலத்தின் ஜாசின் மாவட்டத்தில் அமைந்த செலண்டார் வட்டாரத் தோட்டங்களிலும், அவற்றைச் சூழ்ந்த சிற்றூர்களிலும் வளரும் தமிழ்க் குழந்தை பள்ளிக்கு வெறுங்கையோடு வருவதில்லை. கதை சொல்லவும், வழக்காடவும், தம்பியை அதட்டவும் போதிய தமிழை அது நாவிலே கொண்டு வருகின்றது. ஆனால், அது கொண்டு வரும் தமிழ் வேறு. பாடநூலில் காணும் தமிழ் வேறு. ஒன்று என்பது வீட்டில் ‘ஒண்ணு’. கன்று என்பது ‘கண்ணு’. மூன்று என்பது ‘மூணு’. இக்குழந்தை ஏட்டில் ‘ஒண்று’ என எழுதினால், அதனைக் கவனக்குறைவு எனத் தள்ளிவிடலாகாது. அச்சொல்லில் ணகரம் வீட்டுப் பேச்சினின்று வந்தது. றுகரம் பாடநூலினின்று வந்தது. இரண்டு தமிழுக்கும் நடுவே நிற்கும் குழந்தையின் நிலையை அப்பிழை உள்ளவாறே காட்டுகின்றது.

இத்தகைய பிழைகளுக்கு ஒழுங்கும் உண்டு. இலை என்பதை ‘எலை’ என்றும், உடம்பு என்பதை ‘ஒடம்பு’ என்றும், கிழமை என்பதை ‘கெழமை’ என்றும் எழுதும் பிள்ளை, கிளியையும் புலியையும் பிழையற எழுதிவிடுகின்றது. காரணம் யாது? சொல்லின் முதலில் நிற்கும் இகர உகரக் குறில்கள், அடுத்து வரும் தனி மெய்மீது அகரமோ ஐகாரமோ ஏறியிருந்தால், பேச்சு வழக்கில் எகர ஒகரங்களாகத் திரிகின்றன. கிளி, புலி என்பவற்றில் அடுத்து வருவது இகரமாதலின் அத்திரிபு நிகழ்வதில்லை. குழந்தை விதி அறியாது. எனினும் தன் பேச்சின் விதிப்படியே எழுதுகின்றது. செவி கேட்டதைக் கை எழுதிற்று என்பதே உண்மை.

இவ்வாறிருக்க, பிழையான சொல்லைச் சிவப்பு மையால் வட்டமிட்டுப் பத்து முறை எழுதச் சொல்வதால் மட்டும் பயன் விளையுமா? கை பத்து முறை உழைக்கும். நாவும் செவியும் பழைய இடத்திலேயே நிற்கும். திருத்தம் நாவிலிருந்து தொடங்குதல் வேண்டும். அதற்குத் துணை நம் நெடுங்கணக்கிலேயே இருக்கின்றது. க ங, ச ஞ, ட ண, த ந, ப ம, ற ன என வல்லினமும் மெல்லினமும் அருகருகே நிற்பதைப் பிள்ளைகள் மனப்பாடமாக ஒப்பிக்கின்றனர். ஏன் அவ்வாறு நிற்கின்றன என்பதைப் பலர் அவர்களுக்குச் சொல்வதில்லை. ஒவ்வோர் இணையும் வாயில் ஒரே இடத்தில் பிறப்பது. எழுத்துகளின் பிறப்பிடங்களைத் தொல்காப்பியம் ‘பிறப்பியல்’ என்னும் தனி இயலிலே வகுத்துரைக்கின்றது.

சங்கு, பஞ்சு, வண்டு, பந்து, அம்பு, கன்று என்னும் ஆறு சொற்களை வகுப்பு வாய்விட்டுச் சொல்லட்டும். ‘பந்து’ என்கையில் நா பல்லைத் தொடுகின்றது. ‘வண்டு’ என்கையில் வளைந்து மேலே செல்கின்றது. பிள்ளைகள் இதனைத் தம் வாயிலேயே உணர்ந்தறியலாம். ணகரத்துக்கு இனம் டகரம், னகரத்துக்கு இனம் றகரம் எனத் தெளிந்த பிள்ளை, ‘ஒண்று’ என்பதைத் தானே ஐயுற்றுத் திருத்தும். பல்லி–பள்ளி, மனம்–மணம், மரம்–மறம் போன்ற இணைச் சொற்களையும் இவ்வாறே முதலில் செவிக்கும், பின்னர் நாவுக்கும், இறுதியிற் கைக்கும் பழக்குதல் நலம். இவ்வரிசை மாறினால் சொல்வதெழுதுதல் என்னும் நல்ல பயிற்சியும் வெறுஞ் சோதனையாகிவிடும்.

வாசிப்புக்கும் பேச்சே அடிப்படை. மலேசியத் தமிழ்க் குழந்தை முதலாம் ஆண்டிலேயே தமிழெழுத்தையும் ரூமி எழுத்தையும் சேர்த்துக் கற்கின்றது. ரூமியில் ‘பாக்கு’ என ஒலிக்கும் ஆணிக்கு ஓர் எழுத்து. ‘பாகி’ என ஒலிக்கும் காலைப்பொழுதுக்கு வேறோர் எழுத்து. தமிழிலோ கல், சங்கு, காகம் ஆகிய மூன்றிலும் ககரம் ஒன்றே. அது நிற்கும் இடத்திற்கேற்ப ஒலி வேறுபடுகின்றது. அச்சொல்லை முன்பே கேட்டும் பேசியும் அறிந்த குழந்தை தடையின்றிப் படிக்கும். அறியாத குழந்தை எழுத்தெழுத்தாகக் கூட்டி ஒலித்து, இறுதியில் தான் படித்தது யாது என்றறியாமல் விழிக்கும். அது வாசிப்பன்று, எழுத்தொலிப்பே.

ஆகவே மூன்று திறன்களையும் ஒரே பாடத்தில் கோத்துக் கற்பித்தல் இயலும். பிள்ளையொன்று, “எங்கம்மா பசாருக்குப் போயிட்டு வந்துச்சி” என்கின்றது எனக் கொள்வோம். ஆசிரியர் நகைத்தலோ இடைமறித்தலோ கூடாது. “அப்படியா? உன் அம்மா சந்தைக்குப் போய்விட்டு வந்தாரா? என்ன வாங்கி வந்தார்?” என வினவினால், திருந்திய வடிவம் பிள்ளையின் செவியில் தானே விழும். விடையைப் பிள்ளை சொல்ல, ஆசிரியர் கரும்பலகையில் எழுதுக, வகுப்பு படிக்க, பின் அதனை மறைத்துவிட்டுப் பிள்ளைகள் எழுதுக, மீண்டும் பலகையோடு ஒப்பிட்டுத் தாமே திருத்துக. தன் வாயிற் பிறந்த வாக்கியத்தைப் படிக்கும் பிள்ளைக்குப் பொருள் விளங்காமற் போவதில்லை.

மாணவர் தொகை குறைந்த பள்ளிகளில் இரண்டு வகுப்புகளை ஒருங்கிணைத்து நடத்த நேரிடுவதுண்டு. அதனையும் நன்மையாக்கலாம். சிறியவர் சொல்லும் கதையைப் பெரியவர் எழுதலாம். பெரியவர் எழுதியதைச் சிறியவர்க்குப் படித்துக் காட்டலாம். நம் திண்ணைப் பள்ளிகளில் சட்டாம்பிள்ளை செய்த பணியும் இதனை ஒத்ததே. மாணவர் மாணவர்க்குக் கற்பிக்கும் முறையைச் சென்னையில் கையாண்ட ஆண்ட்ரூ பெல் பாதிரியார், 1797-இல் இலண்டனில் அதனை நூலாக வெளியிட்டார். ‘மதராஸ் முறை’ என அது பிற நாடுகளிலும் பரவிற்று.

1988 முதல் நடைபெற்று வந்த யு.பி.எஸ்.ஆர். தேர்வு 2021-இல் நீக்கப்பட்டது. வகுப்பறை மதிப்பீட்டில் பிள்ளையின் பேச்சை நாள்தோறும் கேட்டு மதிப்பிடும் பொறுப்பு ஆசிரியரிடமே உள்ளது. ஆறாண்டுக்குப் பின் இடைநிலைப்பள்ளியில் தமிழ் ஒரு பாடம் மட்டுமே. அதுவும் பதினைந்து மாணவரின் பெற்றோரேனும் கோரினாலன்றி உறுதியில்லை. தமிழ்வழிக் கல்விக்கு நம் பிள்ளைகள் பெறும் காலம் அவ்வாறாண்டே.

அக்காலத்தில் வீட்டுப் பேச்சை இழிவெனக் கேட்ட பிள்ளை வாயடைத்துப் போகும். பேசாத பிள்ளையிடம் எழுத ஒன்றும் இராது. வீட்டுத் தமிழை மதித்து ஏற்று, அதன்மீதே ஏட்டுத் தமிழைக் கட்டி எழுப்புவதே தொடக்கப்பள்ளி ஆசிரியரின் தலையாய கடமையாகும். அடுத்த முறை மாணவர் ஏட்டில் ‘ஒண்று’ எனக் கண்டால், சிவப்பு மைக்கு முன்னே அப்பிள்ளையை அழைத்து, அச்சொல்லை வாய்விட்டுச் சொல்லச் செய்து கேட்போமாக.